புள்ளிமானுக்கு ஒரு வெற்று வட்டம்

ஒரு காட்டில் சித்திரை முடிவதற்குள் எல்லாச் சுனைகளும் வற்றி, ஒரே ஒரு குளம் மிஞ்சியது. நெரிசலைத் தவிர்க்கப் புலி ஓர் அலுவலகம் திறந்தது. முள்ளம்பன்றியை அலுவலராக நியமித்தது. முள்ளம்பன்றிக்குக் கணிதம் தெரியும் என்று முள்ளம்பன்றியே சொல்லியிருந்தது.

அது ஒரு பெரிய பாறையில் வரைபடம் போட்டது. கிடைக்கோட்டில் விலங்குகளின் பெயர்கள், செங்குத்துக் கோட்டில் மணி. யார் எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கு ஆளுக்கொரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தபோது வழவழவென்று ஒரு வளைவு வந்தது. அந்த அழகில் மயங்கிய புலி, அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டது.

புள்ளிமான் தன் பெயரைத் தேடிப் பார்த்தது. நான்கு மணி. புலியின் பெயரையும் பார்த்தது. அதற்கும் நான்கு மணி.

நான்காம் நாள் ஒதுக்கீடு தொடங்கும்வரை குளம் யாருக்கும் கிடையாது. இரண்டு நாள் தாகத்தோடு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மான் அலுவலக வரிசையில் போய் நின்றது.

"சார், எனக்கும் புலிக்கும் ஒரே நேரம் போட்டிருக்கீங்க."

"போடலாம்." முள்ளம்பன்றி நிமிரவில்லை. "பல பேருக்கு ஒரே மணி வரலாம். கணிதத்துல இதுக்குச் சார்புன்னு பேரு."

"அப்போ எனக்கு இன்னொரு நேரமும் கொடுங்க. காலையில வந்துக்கறேன்."

"அது முடியாது." முள்ளம்பன்றி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, மானின் பெயருக்கு மேல் செங்குத்தாக நிறுத்தியது. "இந்த முள் ஒரு புள்ளியைத்தான் தொடணும். ரெண்டைத் தொட்டா அது சார்பே இல்லை."

"இருக்கிற புள்ளியை மாத்தியாவது கொடுங்க."

"வளைவு உடைஞ்சிடும். ஐயா கையெழுத்துப் போட்ட வளைவு."

பின்னால் நின்ற காட்டுப்பன்றி சிரித்தது. "இதுகூடப் புரியலையாம்மா? பத்தாம் வகுப்புப் பாடம். எனக்கும் நாலு மணிதான். நான் பயந்தேனா?"

"ஏன் பயப்படலை?"

"நாலு மணிக்கு மூணு பேர். புலி, நீ, நான். ஒரு வேளைக்கு அதுக்கு ஒண்ணு போதும். உன் கறி மெத்துன்னு இருக்கும். இது நிகழ்தகவு. அடுத்த பாடம்."

மான் ஒரு மனு எழுதியது: "குளத்து நேர ஒதுக்கீட்டில் சார்பு இருக்கிறது. தயவுகூர்ந்து விசாரிக்கவும்."

மதியமே முத்திரை குத்திப் பதில் வந்துவிட்டது: "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. ஒதுக்கீட்டில் சார்பு இருப்பது முள் சோதனையின் மூலம் உறுதி செய்யப்பட்டது. பாராட்டுக்கு நன்றி."

காட்டுப்பன்றி அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியது. குரங்குகள் கை தட்டின.

மானுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் அலுவலகத்துக்குப் போனது.

"சார், நான் நாலு மணிக்கு வரலைன்னா என்ன ஆகும்?"

"உன் இடத்துல வெற்று வட்டம் போடுவேன். உள்ளே நிரப்பாத வட்டம். அங்கே புள்ளி இல்லைன்னு அர்த்தம். வளைவு பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிடும். தூரத்துல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"புள்ளி இல்லாதவங்க எத்தனை மணிக்குத் தண்ணி குடிக்கணும்?"

முள்ளம்பன்றி முதல் தடவையாக நிமிர்ந்தது. விதிப் புத்தகத்தை முன்னாலிருந்து புரட்டியது. பின்னாலிருந்தும் புரட்டியது.

"இல்லாதவங்களுக்கு விதி இல்லை."

"அப்போ எனக்கு வட்டமே போட்டுடுங்க, சார்."

"விண்ணப்பம் மூணு பிரதி வேணும்," என்றது முள்ளம்பன்றி.

மறுநாள் காலை பத்து மணிக்கு மான் முன்னங்கால்களைக் குளத்துக்குள் வைத்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. ரோந்து வந்த புலி புதரிலிருந்து வெளியே வந்தது.

"நாலு மணிக்கு வர வேண்டியவ, இப்போ இங்கே என்ன பண்றே?"

மான் ஓடவில்லை. "நான் இல்லைங்கய்யா. படத்தைப் பாருங்க."

புலி பாறைக்குப் போய்ப் பார்த்தது. மானின் பெயருக்கு மேல் வெற்று வட்டம் இருந்தது. திரும்பி வந்தது.

"உன்னைத் தின்னா?"

"நான் இருந்தேன்னு ஆயிடும். படம் தப்புன்னு ஆயிடும். கீழே உங்க கையெழுத்து இருக்குங்கய்யா."

புலி உதட்டை நக்கிக்கொண்டு யோசித்தது. அதன் கையெழுத்து அதற்கு முன் அவ்வளவு அழகான எதற்கும் கீழே இருந்ததில்லை.

"சீக்கிரம் குடிச்சிட்டுப் போ," என்றது. "யாராவது பார்த்துடப் போறாங்க."

அன்று மாலை நான்கு மணிக்கு, ஒரு நிமிடம்கூடப் பிசகாமல், காட்டுப்பன்றி குளத்துக்கு வந்தது. புலியும் வந்திருந்தது. பன்றி இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது.

"மான் வரலையா?" என்று கேட்டது.

"எந்த மான்?" என்றது புலி.

நீதி: கணக்கில் தேறியவர் நேரத்துக்கு வந்துவிடுவார், கணக்கில் வராதவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.