பலாப்பழத்துக்கு முள் எண்ணிய கதை

சிதம்பரம்,
24.5.2009

அன்புள்ள மச்சான் இளவரசுக்கு,

நானும் உன் அக்கா சந்திரலேகாவும் நலம். நீ அனுப்பிய பலாப்பழம் நலமாக இல்லை. பண்ருட்டியில் உங்கள் எல்லோர் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கிரகப்பிரவேசத்துக்கு என் கையால் ஒரு படம் வரைந்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன், நீயும் ஹாலில் ஆணி அடித்து இடம் விட்டிருப்பதாகப் போனில் சொன்னாய், பண்ருட்டி வீட்டுக்குப் பலாப்பழத்தைவிடப் பொருத்தம் ஏது என்று நான்தான் பழம் கேட்டேன், நீயும் சேத்தியாத்தோப்பு வழி பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டாய், அதுவரை எல்லாம் சரி. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக நிலத்தை அளந்து வரைந்த கை ஆயிற்றே, சும்மா பார்த்து வரைய வரவில்லை. டேப் பிடித்து நீள அகலம் எடுத்து, பாதி அளவுக்கு ஸ்கேல் போட்டு, முள்ளை வரிசை வரிசையாக எண்ணத் தொடங்கினேன். உன் அக்கா எட்டிப் பார்த்து, "பழத்துக்குப் பட்டா குடுக்கப் போறீங்களா?" என்றாள்.

மூன்றாம் நாள் நானூற்றுப் பன்னிரண்டாவது முள்ளில் இருந்தபோது வீடே மணக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சி, படம் எந்த அளவில் இருக்கிறது என்று தினமும் விசாரிக்க வருகிறாள், கையில் தூக்குவாளியோடு. எங்கள் தெருவுக்குக் கலையில் இவ்வளவு அக்கறை என்று எனக்கு இதுவரை தெரியாது. ஐந்தாம் நாள் பழம் ஒரு பக்கம் அமுங்கி, எடுத்த அளவெல்லாம் வீணாயிற்று. இன்னும் ஒரே நாள் என்று கெஞ்சினேன். ஈ மொய்ப்பதையும் சேர்த்து வரையப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டு, கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உன் அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

கோபத்தில் வேறொரு தாளை எடுத்து, ஸ்கேலைத் தூக்கி எறிந்துவிட்டு, பிளந்த பழத்தையும் சுளை எடுக்கும் அவள் கையையும் கலரில் வரைந்தேன். கால் மணி நேரம்தான். என் கையெல்லாம் பெயிண்ட் என்று நடுவில் அவளே ஒரு சுளையை என் வாயில் போட்டாள். அப்படி ஒரு ருசி மச்சான். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் கையை இவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்ததே இல்லை. ஆசையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நான் வரைந்ததில் இது ஒன்றுதான் படம் மாதிரி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கொண்டுவந்து உன் ஆணியில் நானே மாட்டுகிறேன். தயவுசெய்து இனிமேல் பழம் அனுப்பாதே, இந்த வயதில் என்னால் முள் எண்ண ஆகாது.

புது வீட்டில் பால் பொங்கவும், பிள்ளைகள் சிரிக்கவும், நான்கு மூலைக் கல்லும் நகராமல் நிற்கவும் ஆசீர்வதிக்கிறேன்.

உன் மாமா
சபாபதி

பி.கு.: படம் வராது. இதை நான் எழுதி முடிப்பதற்குள் உன் அக்கா அதை அடுப்படியில் மாட்டிவிட்டாள். "எனக்குன்னு நீங்க வரைஞ்சது இது ஒண்ணுதான். இதப் போயி அவனுக்கு ஏன் குடுக்கணும்?" என்கிறாள். திருப்பிக் கேட்க எனக்கு மனசில்லை. ஆகையால் நாளைக்கே பஸ்ஸில் இன்னொரு பழம் அனுப்பு. நன்றாகப் பழுத்ததாகவே அனுப்பு. வந்ததும் அவளை அறுக்கச் சொல்லப்போகிறேன்.