என் மனைவியின் அரிப்புக்கு நான் மார்க் போட்ட விவரம்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், உங்கள் தங்கையின் இரண்டு முழங்கை மடிப்புகளும் பின்கழுத்தும் நீங்கலாக. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எதுவும் நீங்கலாகாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். வரும் திங்கட்கிழமை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு வாரம் தங்குவேன். டாக்டர் யோசனைப்படிதான். நோய் எனக்கில்லை, உங்கள் தங்கைக்கு. விவரமாகச் சொல்கிறேன்.

அவளுக்கு எக்ஸிமா வந்து இரண்டு வருடமாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் சொறிந்து, காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். நான் பார்ப்பதற்குள் தலையணையைத் திருப்பிப் போட்டுவிடுவாள். போன தடவை நான்கு மாதம் காத்திருந்து தோல் டாக்டரைப் பார்த்தோம். "எப்படிம்மா இருக்கு?" என்றார். "பரவாயில்ல டாக்டர்" என்றாள். பரவாயில்லையாம்! ஆறே நிமிடத்தில் பழைய களிம்பையே மறுபடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வழியெல்லாம் எனக்குக் கோபம், பாதி அவள் மேல், பாதி அவள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தவன் மாதிரி பேசாமல் உட்கார்ந்திருந்த என் மேல்.

இந்தத் தடவை வெறுங்கையோடு போகக்கூடாது என்று மகள் என் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். அரிப்பு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, எத்தனை மணி தூக்கம், என்ன பூசினாள் என்று காலையும் மாலையும் கேட்கும். எல்லாவற்றையும் கோடாக வரைந்து டாக்டருக்குக் காட்டும். உங்கள் தங்கையிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஊர்த் தராசையெல்லாம் சரிபார்த்தவன் நான். முதல் நாள் "ஏழு" என்றாள். "பத்து எப்படி இருக்கும்னு தெரியாம ஏழுன்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்டேன். "சொறிஞ்சுக்கிட்டே இருக்கேன், எழுதுங்க." "சரியா ஏழா, ஏழரையா?" "ஏழு என்னோடது. மேல அரை நீங்க" என்றாள். ஏழு என்றே பதிந்தேன்.

படமும் எடுக்க வேண்டும். தினம் பத்து மணிக்கு ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், சிவப்புத் திட்டின் பக்கத்தில் அடிக்கோல் வைத்து எடுத்தேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எனக்குப் போட்டியா கடை போடறாரா?" என்று உங்கள் தங்கையிடம் கேட்டாராம். ஒருநாள் துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மணி ஆறானது. "இப்போது எவ்வளவு அரிக்கிறது?" என்று என் சட்டைப்பையிலிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற கணக்காளர் மட்டும் என் காதருகே குனிந்து, "எனக்கு முதுகுல கொஞ்சம் இருக்கு" என்றார். நடுவில் என் தம்பி வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதென்று ஐந்து நாள் போய் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் வேலையைத் தொடர்ந்தேன்.

போன வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். இம்முறை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. படங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு கஷ்டத்தை வச்சுக்கிட்டா அன்னைக்குப் பரவாயில்லன்னு சொன்னீங்க?" என்று அவளைக் கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மச்சான். அப்புறம்தான் அவர் விரல் கோட்டின் மேல் ஓடி ஓரிடத்தில் நின்றது. ஆறு, ஏழு, எட்டு என்று போன கோடு ஐந்து நாள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்து மறுபடி எட்டுக்கு ஏறியிருந்தது. "இந்த அஞ்சு நாள் வீட்ல என்ன மாறுச்சு?" உங்கள் தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "இவர் ஊர்ல இல்ல" என்றாள்.

டாக்டர் அன்றுதான் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். என் சோப்பு, தலை எண்ணெய், பவுடர் எல்லாவற்றையும் விசாரித்தார். முட்டிக்கு இரண்டு வேளை வலித்தைலம் தேய்ப்பதையும் மறைக்காமல் சொன்னேன். "இவங்களுக்குக் களிம்பு யார் பூசறது?" "நான்தான் டாக்டர், வேளை தவறாம." "தைலம் தேய்ச்ச கையாலயா?" என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். புது மருந்து எழுதிவிட்டு, இரண்டு வாரம் அந்தத் தைலமும் வாசனையும் அவள் பக்கத்தில் வேண்டாம், என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்றார். நிறுத்திவிடுகிறேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "அவருக்கு முட்டி தாங்காது டாக்டர், எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றாள். "அதுவும் நல்ல யோசனைதான்" என்றார் டாக்டர். என் முட்டி மேல் அவளுக்கு இவ்வளவு கரிசனம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நல்லது செய்யப் போய், இத்தனை நாளும் நானே அவளுக்கு அரிப்பைத் தடவியிருக்கிறேனே என்று நினைத்தால் அழுகை வருகிறது. புது மருந்தில் சிவப்பு குறைந்திருக்கிறது. நேற்று ஆறு மணி நேரம் தூங்கினாள். நான் இல்லாமல் எட்டு மணி நேரம் தூங்குவாள் என்றால் அதைவிட எனக்கு என்ன வேண்டும்? எனக்குத் தனி அறை வேண்டாம். தைலம் வைக்க ஒரு மாடம் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் உடம்பில் எங்காவது சொறிந்தால் நான் வரும்வரை தேதி போட்டுக் குறித்து வைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: பெட்டி கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி வீட்டுக்குப் போன ஐந்து நாளும் கைபேசி என்னோடுதான் இருந்தது. தொட்டி வேலையில் நான் எதையும் பதியவில்லை. பதியாத நாளுக்கெல்லாம் செயலி தானாகப் பூஜ்யம் போட்டிருக்கிறது. ஓடிப்போய் உங்கள் தங்கையிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். "எப்போலேருந்து?" "டாக்டர் விரல் வச்சப்பவே." "அப்ப அந்த அஞ்சு நாளும் அரிச்சுதா?" என்றேன். என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அரிச்சுது. யாரும் மார்க் கேக்கல, நிம்மதியா சொறிஞ்சேன். திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு?"