திருவாதிரை வெளுத்த கதை

திருவாதிரை மறுபடியும் வெள்ளையாகத்தான் வந்தது.

அசோகன் கம்ப்யூட்டர் திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தான். நேற்று ராத்திரி நெட்டுக்குப்பம் கடற்கரையில் நின்று பார்த்தபோது தணல் மாதிரி சிவந்திருந்த நட்சத்திரம், எம்.கே.பி. நகரில் அவனுடைய ஸ்டூடியோவுக்குள் வந்ததும் சுண்ணாம்புப் பொட்டாகியிருந்தது.

வானத்தைப் படம் பிடிப்பது அவனுக்குப் பைத்தியம். பிழைப்பு கல்யாணப் படம். அசோகன் ஸ்டூடியோவில் எடுத்தால் யாரும் கறுப்பாக வரமாட்டார்கள் என்று வியாசர்பாடி முழுக்கப் பேச்சு. பெண் வீட்டுக்காரர்கள் அதற்காகவே தேடி வருவார்கள். படங்களுக்கு டச்சப் செய்கிற ரோஸ்மேரி, அண்ணன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்த இந்த வாரத்திலும் முகங்களெல்லாம் பளிச்சென்றே வந்தன. அதைத் தன் கைராசி என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விண்மீன் சங்கத்தின் கண்காட்சி. போன வருஷம் சங்கச் செயலாளர் தேவப்பிரியம் இவன் படத்தைப் பார்த்துவிட்டு, இது வானமா, கோலமாவு கொட்டிய தரையா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நட்சத்திரத்துக்கு நிறம் உண்டு, அதைக் காப்பாற்றாத படத்துக்குச் சுவரில் ஆணி கிடையாது என்றும் சொன்னார். அந்த அவமானம் அசோகனுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வருஷமாவது ஆணி அடித்தாக வேண்டும்.

வெட்கத்தை விட்டு அவருக்கே போன் போட்டான். வெளிச்சம் அளவுக்கு மீறி உள்ளே போனால் எந்த நிறமும் வெளுத்துவிடும், கேமரா திறந்திருக்கும் நேரத்தைக் குறை என்றார். அன்று ராத்திரியே கடற்கரைக்குப் போய்க் குறைத்தான். நடுவில் புகைபோலத் தெரிய வேண்டிய நெபுலா காணாமல் போனது. திருவாதிரை வெள்ளையாகவே நின்றது. ஃபோகஸை லேசாகக் கலைத்தால் நிறம் பரவித் தெரியும் என்றார். மறுநாள் ராத்திரி கலைத்தான். தட்டு நிறைய இட்லி வந்தது.

டீ கொண்டுவந்த மனைவி கார்குழலி, கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யோவ், கேமராவுல செவப்பாத்தான் கீது. உன் கம்ப்யூட்டருலதான் வெள்ளையா கீது."

"அந்தத் துக்கடா கண்ணாடி பொய் சொல்லும், குழலி. பெரிய திரைதான் நெசம்."

"ஆமா, நெசம்" என்று அவள் சுவரைப் பார்த்தாள். அவர்களுடைய கல்யாணப் படம் தொங்கியது. கருகருவென்று லட்சணமாக இருக்கும் கார்குழலி, அதில் யாரோ ஒருத்தியாக வெளுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

அசோகன் விடவில்லை. நிறத்தைக் கூட்டிப் பார்த்தான். கடற்கரைக்குப் பக்கத்து அனல்மின் நிலையத்து விளக்கொளி பட்டிருந்த வானத்துக்கு மஞ்சள்காமாலை வந்தது. நட்சத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், தப்பு என்று தெரிந்தும், திருவாதிரையின் மேல் கையாலேயே சிவப்புத் தீட்டினான். பிழைப்பில் எத்தனை பேருக்கு உதட்டுச் சாயம் போட்டிருப்பான்! படத்தைச் சேமித்து மூடிவிட்டு, போய்ச் சாப்பிட்டு வந்து திறந்தான்.

வெள்ளை.

மறுபடி தீட்டி, மூடி, திறந்தான். வெள்ளை.

"இதுல இன்னாமோ கீது, குழலி."

"எலுமிச்சம்பழம் சுத்திப் போடட்டா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் கண்காட்சி. ஒரு வருஷமாகக் கடற்கரையில் கொசுக்கடி பட்டதெல்லாம் வீணா என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

அந்த நேரத்தில்தான் ரோஸ்மேரி மக்ரூன் பொட்டலத்தோடு ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அசோகன் நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே இன்னொரு முறை படத்தைத் திறந்து காட்டினான். ஒரு நொடி சிவந்து தெரிந்த திருவாதிரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. பேயைக் கண்டவன்போல அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

ரோஸ்மேரி ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீய அண்ணே. எந்தப் படத்தைத் தொறந்தாலும் கம்ப்யூட்டரே வெளுத்துக்குடுக்குற மாதிரி வெச்சுட்டுத்தான் நான் லீவுல போனேன். கறுப்போ செவப்போ, நம்ம ஸ்டூடியோவுக்குள்ள வந்தா வெள்ளையாத்தான் வெளிய போவணும்னு நீங்கதான சொன்னிய?"