காலா பிச்சுவின் கட்சிக்காரி

அறுபதுகளில் பம்பாயில் இருந்துகொண்டு ஃப்ரீஸ்டைல் குஸ்தியைப் பார்க்காதவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் குஸ்தி மாமியின் வாயால் அதைக் கேட்காதவர்கள் மாட்டுங்காவில் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. கேட்க விருப்பமில்லாதவர்களும் கேட்டார்கள். மாமி முதல் மாடி பால்கனியில் நின்று பேசினால், கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் தம்மைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

மாமிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் யாருக்கும் அது தெரியாது. தபால்காரரே ‘குஸ்திவாலி மாமி’ என்றுதான் விசாரித்துக்கொண்டு படியேறுவார். பாலக்காட்டுக்காரி. ஒன்பது கஜம், இரண்டு மூக்கிலும் பேஸரி, நிமிர்ந்து நின்றால் என் தோள்பட்டைக்கு வருவாள். சமையலறையில் கரப்பான்பூச்சியைக் கண்டால் அடிக்க மனம் வராமல் முறத்தில் ஏந்திக்கொண்டு போய் ஜன்னல் வழியாக விட்டுவிடுவாள். கீழே விழுந்து அது பிழைத்ததா என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவளுக்கு, ஒருவன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றித் தரையில் அறைவதைப் பார்த்தால் முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

நான் அப்போது திருச்சியிலிருந்து வந்து, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அதே கட்டடத்தில் மூன்று பிரம்மச்சாரிகள் ஓர் அறையில் குடியிருந்தோம். எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு மாமி வீட்டில். சாதத்தோடு குஸ்தியும் பரிமாறப்படும். குஸ்தியை வேண்டாம் என்று இலையை மறைக்க முடியாது.

மாமா ரயில்வே ஆபீசில் கணக்குப் பார்ப்பவர். கல்யாணமான புதிதில் அவருக்குப் பேசச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லையாம். பிற்பாடு அந்த ஆசையே போய்விட்டது. இந்தக் கதைக்கெல்லாம் மூலகாரணம் அவர்தான் என்பது இதில் விசேஷம். ஆபீசில் யாரோ வரமுடியாமல் போனதால் கையில் வந்து சேர்ந்த இரண்டு பாஸ்களை வீணாக்க மனமில்லாமல், மாமியை வொர்லிப் பக்கம் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். கச்சேரி என்று நினைத்துக்கொண்டு மாமி பட்டுப்புடவையில் போயிருக்கிறாள்.

மேடையில் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிடத்தான் இருந்தாளாம். அந்தச் சமயத்தில் ஒலிபெருக்கியில், “காலா பிச்சூ” என்று ஓர் அறிவிப்பு. கறுப்பு முகமூடி போட்ட ஒருவன் கயிற்றைத் தாண்டிக் குதித்தான். ஸ்டேடியம் முழுவதும் ஊளையிட்டது. ஆரஞ்சுத் தோல் பறந்தது.

மாமி உட்கார்ந்துவிட்டாள். பிச்சு என்றால் பாலக்காட்டில் வீட்டுக்கு ஒரு பிச்சு உண்டு. மாமியின் சித்தப்பா பிள்ளை பிச்சு, எதிர்வீட்டுப் பிச்சு, மடப்பள்ளிப் பிச்சு என்று ஊரில் மட்டும் ஏழெட்டுப் பேர். அவர்களில் யாரோ ஒருவனுக்குக் கஷ்டகாலம் வந்து, பம்பாயில் முகத்தை மூடிக்கொண்டு வயிற்றைக் கழுவுகிறான் என்று மாமி தீர்மானித்துவிட்டாள். ‘பிச்சூ’ என்றால் ஹிந்தியில் தேள், அவன் பெயர் கருந்தேள் என்று மாமா வீட்டுக்கு வந்த பிறகு விளக்கியிருக்கிறார். கட்சி சேர்ந்தாகிவிட்டது, இனி என்ன செய்வது?

“தேளோ தேவாங்கோ, கூப்பிடறது பிச்சுன்னுதானே? அத்தனை பேர் ஒரு பக்கம் இருக்கச்சே அவனுக்குன்னு ஒருத்தியாவது வேண்டாமா?” என்றாள் மாமி.

அவனுடைய எதிரி பிஜிலி பயில்வான். பஞ்சாப்காரர், ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை ஜட்டி. பம்பாயே அவர் பக்கம். கருந்தேள் அவர் கண்ணில் பொடியைத் தூவுவான், நடுவர் பார்க்காதபோது குரல்வளையை நெரிப்பான், நாற்காலியால் முதுகில் போடுவான். கடைசியில் பிஜிலிக்குக் கோபம் வந்து இவனைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார். மாமிக்கு பிஜிலி பேரில் பெரிய மரியாதை கிடையாது. வேலையெல்லாம் பிச்சு செய்கிறான், மாலை மட்டும் அவருக்குப் போகிறது என்பாள். போன மாதம் ஒருவரையொருவர் கடித்துக்கொண்ட இரண்டு பயில்வான்கள் இந்த மாதம் ஜோடி சேர்ந்து வந்தால், சம்பந்தி வீட்டில் சமாதானமாகிவிட்டது போலிருக்கிறது, தீபாவளி வரைக்கும் தாங்காது என்பாள். தாங்காது. நடுவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தனை பேரையும் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவள் கட்சி.

ஒருநாள் ரசம் சாதத்தின்போது, எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு செய்வதுதானே மாமி என்று கேட்டு வைத்தேன். என் சகாக்கள் இருவரும் இலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். மாமி கரண்டியை ஈயச் சொம்பிலேயே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“கல்யாணத்தையும்தான் முன்னாடியே பேசி முடிச்சுடறா. அதுக்காக, தாலி கட்டறச்சே பொண்ணைப் பெத்தவ அழறது பொய்யாயிடுமோ? பேசிண்டு விழுந்தா இடுப்பு வலிக்காதோ?”

கேட்டுவிட்டு எழுந்து, இலையில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினாள்.

மாமிக்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் சுடலை. தாராவியில் குடியிருந்துகொண்டு, எங்கள் கட்டடத்து வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவன். திருநெல்வேலிப் பக்கம். பிஜிலி பயில்வானின் படம் வண்டியில் ஒட்டியிருக்கும், அதற்குத் தினமும் ஒரு செம்பருத்திப்பூ உண்டு. காலையில் மாமி பால்கனியில் நிற்பாள், சுடலை கீழே பெட்டியில் கரி ஊதுவான், விவாதம் தொடங்கும். கண்ணில் பொடி தூவுகிறவனுக்கெல்லாம் பரிந்து பேசலாமா என்பது சுடலையின் வாதம். பொடி தூவவில்லை என்றால் உங்கள் பயில்வானுக்கு என்றைக்குக் கோபம் வரும், அவர் என்றைக்குக் கையைத் தூக்குவார் என்பது மாமியின் எதிர்வாதம். நடுவில் ஆபீசுக்குப் போகிறவர்கள் சட்டைக்குக் காத்துக்கொண்டு நிற்போம். பிஜிலி ஜெயித்த மறுநாள் மாமாவின் சட்டை கண்ணாடி மாதிரி வரும். பிஜிலி அடிவாங்கிய வாரத்தில் காலர் ஒரு பக்கம் கோணியிருக்கும். மாமா எதையும் கேட்காமல் போட்டுக்கொண்டு போவார். ரயில்வே ஆபீசில் அவர் காலரைப் பார்த்தே முந்தின நாள் முடிவைத் தெரிந்துகொள்வார்களாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போஸ்டர் வந்தது. பிஜிலி பயில்வானுக்கும் காலா பிச்சூவுக்கும் கடைசி யுத்தம். தேள் தோற்றால் எல்லோர் முன்னாலும் முகமூடி கழற்றப்படும். சுடலை அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். மாமி வாய்ச்சண்டைக்கு வராமல் உள்ளே போய்விட்டாள். அன்று சாம்பாரில் உப்பில்லை. மறுநாள் இரண்டு மடங்கு இருந்தது. மூன்றாம் நாள் மாமா தாமாகவே வாயைத் திறந்து, என்ன விஷயம் என்று கேட்டார். அவர் கேட்டதிலேயே எங்களுக்கு நிலைமை புரிந்துவிட்டது.

“அடி வாங்கறதுக்குத்தான் அவன் கூலி வாங்கறான், மூஞ்சியைக் காட்டறதுக்கு இல்லை” என்றாள் மாமி. “முகமூடியைக் கழட்டினா அவனும் நம்மளை மாதிரி ஒரு மனுஷன். கறிகாய் வாங்க மார்க்கெட்டுக்குப் போவான், குழந்தையைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விடுவான். இனிமே எந்தத் தெருவுல நடந்தாலும் ஆரஞ்சுத் தோலை விட்டெறிவாளே. அந்தக் குழந்தையை மத்த குழந்தைகள் சும்மா விடுமோ?”

அவனுக்குக் குழந்தை இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. மாமி சொன்ன பிறகு இல்லை என்று நினைக்க முடியவில்லை.

குஸ்தி நடத்தும் காண்ட்ராக்டரை நேரில் பார்த்துப் பேசுவதென்று மாமி முடிவு செய்தாள். மாமாவும் நானும் பின்னால் போனோம். கிராண்ட் ரோடில், குறுகலான மரப்படி ஏறி ஒரு ஆபீஸ். மேஜைக்குப் பின்னால் வெற்றிலைச் செல்லத்தோடு ஒரு தடித்த மனிதர். டிக்கெட் வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார். மாமி புடவையைச் சரிசெய்துகொண்டு, பாலக்காட்டிலேயே செய்த ஹிந்தியில் ஆரம்பித்தாள். பிச்சு தோற்கட்டும், அதில் தனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பிஜிலி பெரிய மனுஷர் என்று போஸ்டர் போட்டிருக்கிறீர்களே, ஜெயித்த பிறகு மன்னித்து விட்டுவிடட்டுமே, ஜனங்கள் இன்னும் இரண்டு மடங்கு கைதட்டுவார்களே என்று கதையையே மாற்றிக் கொடுத்தாள். அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நல்ல யோசனைதான், ஆனால் முகத்தைப் பார்க்கத்தான் பப்ளிக் டிக்கெட் வாங்கியிருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

மாமிக்கு ஹிந்தி தீர்ந்துவிட்டது. “இவன் மூஞ்சி பப்ளிக்குக்கு எதுக்கு? அவா அவா ஆத்துல கண்ணாடி இல்லையா?” என்று தமிழிலேயே கேட்டாள்.

காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் வெகுநேரம் வயிறு குலுங்கச் சிரித்தார். முடிவை மாற்றவில்லை என்றாலும், மேடைக்கு அடுத்த வரிசையில் மூன்று பாஸ் எழுதிக் கொடுத்தார். வேண்டாம் என்று மாமி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். இந்த மாதிரி நாளில் பிச்சுவைத் தனியாக விடக்கூடாது என்று படியிறங்கும்போது சொன்னாள்.

அன்று ஸ்டேடியத்தில் எள் போட்டால் எள் விழாது. சுடலை தாராவிக் கூட்டத்தோடு மேலே காலரியில் இருந்தான். அங்கிருந்தே மாமிக்குக் கும்பிடு போட்டான். மாமா, மாமி வற்புறுத்தியதால், ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பிச்சு அன்று சண்டை போட்டதைப் போல் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பொடி தூவவில்லை, நாற்காலியைத் தொடவில்லை. பிஜிலியை இரண்டு தடவை தூக்கி அறைந்தான். ஊளையிடுவதற்காக வந்தவர்கள் அதை மறந்துவிட்டு எழுந்து நின்றார்கள். மாமி மட்டும் உட்கார்ந்தபடி, அவன் எப்போதும் சற்றே சாய்த்து ஊன்றும் காலைப் பார்த்து, இடது கால், இடது கால் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடது காலில்தான் பிஜிலி பிடித்தார். ஒரு சுழற்று, ஒரு அடி. நடுவர் தரையைத் தட்டி எண்ணி முடித்தார்.

ஸ்டேடியம் வெடித்தது. கழற்று, கழற்று என்று நான்கு பக்கமும் கூச்சல். பிச்சு குப்புறப் படுத்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். பிஜிலி குனிந்து, பின்னந்தலையில் இருந்த நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“ஏன்னா, அதை இப்படிக் குடுங்கோ” என்றாள் மாமி. மாமா எதை என்று கேட்பதற்குள் அங்கவஸ்திரம் அவர் தோளில் இல்லை. மாமி மேடையருகே போய்விட்டாள். பிடித்து நிறுத்த வந்த காவலாள் ஒன்பது கஜத்தைப் பார்த்துத் தயங்கினான். அதற்குள் முகமூடி பிஜிலியின் கைக்கு வந்துவிட்டது. பிச்சுவின் தலையைப் பிடித்து நிமிர்த்தினார்.

ஒரு கணம்தான். நான் பார்த்தேன். மாமி பார்க்கவில்லை. கயிற்றுக்குக் கீழே, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“பிச்சு, இந்தாடா. போத்திக்கோ.”

பிஜிலி பயில்வான் திரும்பினார். தோள்வரைக்குமே எட்டாத ஒரு மாமி, கண்ணை மூடிக்கொண்டு, ஜரிகைத் துணியோடு நிற்பதைப் பார்த்தார். காண்ட்ராக்டர் போட்ட கதையில் இது கிடையாது. அவர் முகமூடியைக் கீழே போட்டார். குனிந்து மாமியின் கையிலிருந்து அங்கவஸ்திரத்தை வாங்கினார். பிச்சுவின் தலையைச் சுற்றிப் போர்த்தி, எழுப்பி, தோளில் கைபோட்டு அவனைத் தாமே கீழே இறக்கி அழைத்துப் போனார். கூச்சல் போட்ட ஸ்டேடியம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு காலரியில் யாரோ கைதட்ட ஆரம்பித்தான். அது சுடலைதான் என்று அவன் கடைசி வரைக்கும் சாதித்தான். பிறகு அத்தனை பேரும் தட்டினார்கள்.

மாமாவிடம், முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் தம் அங்கவஸ்திரம் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். புக்ககம் போய்விட்ட பெண்ணின் கல்யாணத்துக்கு எடுத்ததாம்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் சுடலை ஓடிவந்தான். “இப்பமாவது ஒத்துக்கிடுதியளாம்மா? எங்க ஆளு எப்படி?” என்றான்.

“பரவாயில்லை. பெத்தவா நன்னாத்தான் வளர்த்திருக்கா” என்றாள் மாமி. பிஜிலி கட்சிக்கு அவள் கொடுத்த முதல் சான்றிதழ். மறுநாள் மாமாவின் சட்டையோடு எங்கள் சட்டைகளும் கண்ணாடியாக வந்தன.

தேள் யார் என்பதில் மாட்டுங்கா இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. ஈரானி என்றார்கள், பட்டாணியன் என்றார்கள், செம்பூரில் பார்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்தார்கள். மாமியின் காதுபட ஒருவரும் பேசக்கூடாது என்று உத்தரவு. பேசினால் அவள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்வாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூஞ்சியில் ரொம்பக் காயமோ என்றாள். இல்லை மாமி என்றேன். மேற்கொண்டு கேட்காமல் மோர் ஊற்றினாள்.

சில மாதங்கள் கழித்து, மார்க்கெட்டில் மாமிக்குப் பை தூக்கிக்கொண்டு போனபோது சுவரில் ஒரு புதுப் போஸ்டர் பார்த்தோம். வெள்ளைப் பிசாசு என்று ஒரு புதிய பயில்வான். வெள்ளை முகமூடி. பிஜிலி பயில்வானைக் கூண்டோடு ஒழிக்க வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறானாம். மாமி வெண்டைக்காய் ஒடிப்பதை விட்டுவிட்டு அந்தத் தோள்களைப் பார்த்தாள், நின்ற விதத்தைப் பார்த்தாள், சற்றே சாய்ந்திருந்த இடது காலைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இவன் யாருன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. புரிஞ்சுதோ?”

புரிந்தது என்றேன்.

இன்றைக்கும் யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது மாமி.