மசில் மேடம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், அடுத்தவரின் மூத்திரப்பையைப் பற்றி மசில் மேடம் அளவுக்குக் கவலைப்பட்ட ஜீவன் வேறு கிடையாது. அவர் எங்கள் லேபின் பெதாலஜி டாக்டர். நான் ரிப்போர்ட் டைப் செய்பவன். மேடத்துக்கு ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. லேப் கதவைத் தோளால் முட்டித்தான் திறப்பார். ஆனாலும் பெயர் மசில் மேடம்.

காரணம் இதுதான். மூத்திரப்பைக்குள் இருக்கும் கட்டியைச் சுரண்டி எங்களுக்கு அனுப்புவார்கள். பையின் உள்தோலுக்கு அடியில் தசைச்சுவர் இருக்கிறது. கட்டி அதற்குள் இறங்கியிருக்கிறதா என்பதில்தான் பேஷன்டின் தலையெழுத்தே இருக்கிறது. வந்த துணுக்கில் தசை இல்லையென்றால் சர்ஜனுக்கு போன் பறக்கும்.

"இன்னா டாக்டர், வெறும் தோலா அனுப்பிக்கினு கீறீங்க? மசில் எங்க?"

கறிக்கடைக்காரரிடம் சண்டை என்று நினைத்து, ரத்தம் கொடுக்க வந்தவர் ஒருவர் எழுந்து போனதும் உண்டு.

போன் இல்லாத நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்லோடு பேசுவார். "மூஞ்சி நல்லாத்தான்டா கீது. நீ எந்த வூட்டுக்குள்ள நிக்கிற, அத்தச் சொல்லு."

ஒருநாள் திருவொற்றியூரில் பாக்சிங் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர் ரிப்போர்ட்டும் கையுமாக வந்தார். சிறுநீரில் ரத்தம் போனதால் அவருக்கும் சுரண்டி எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியை மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு மசில் இல்லேன்னு எவன் எழுதினது?" என்று சட்டைக் கையை மடித்தார். புஜம் என் தொடை அளவுக்கு இருந்தது. நான் தயங்காமல் மேடத்தைக் கைகாட்டினேன்.

மேடம் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். "சோக்கா கீது நைனா. நான் எழுதினது மூத்திரப்பை மசிலு."

மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப கேன்சர்லாம் இல்லல்ல?"

மேடம் சிரிக்கவில்லை. செல்கள் பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தன. ஆனால் கூடுகூடாக அவை உட்கார்ந்திருந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோய் இப்படித்தான் நல்லவன் வேஷம் போடும், தசைக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் அகப்படும் என்றார்.

"இன்னொரு தபா சுரண்டணும். ஆழமா."

"ஒரு தபாவுக்கே உயிர் போயி வந்துச்சு. வேணாம்மா," என்று மாஸ்டர் நடையைக் கட்டினார்.

பேஷன்டைத் தேடிப் போகிற வேலை மேடத்துக்குக் கிடையாது. ஆனால் அன்று சாயந்திரமே ஷேர் ஆட்டோவில் பாக்சிங் கிளாசுக்குப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் உட்கார்ந்தார். "மாஸ்டரு, ஆஸ்பத்திரிக்கு எப்ப?" என்று பசங்கள் எதிரிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மாஸ்டர் கும்பிட்டுவிட்டார். "பேஜாரு பண்ணாதம்மா. வர்றேன்."

இந்தத் தடவை துணுக்கில் தசை இருந்தது. அதற்குள் அந்தச் சாதுக்களும் இருந்தார்கள். மேடம் ஜம்பமடிப்பார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றி, "நான் சொன்னது தப்பாப் போயிருக்கக் கூடாதா?" என்றார்.

சுற்றியிருந்த நெறிக்கட்டிகளோடு மூத்திரப்பையையே எடுத்தார்கள். அது எங்களிடம் வந்த பிறகு, மேடம் வேறு எதையும் தொடவில்லை. வெட்டிய இடத்தில் கட்டி மிச்சமிருக்கிறதா என்று ஓரம் ஓரமாக, நெறிக்கட்டி நெறிக்கட்டியாகப் பார்த்தார். பிறகு மாஸ்டர் வீட்டுக்குத் தானே போன் போட்டார்.

"ஓரமெல்லாம் சுத்தமா கீதும்மா. வேற எங்கயும் பரவல."

போனை வைத்ததும் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னா பாக்குற? டைப் பண்ணு," என்றார்.

எனக்கு ஒருநாள் ஏதாவது வந்தால், அந்தத் துணுக்கு அவர் கைக்குத்தான் போக வேண்டும்.