ஹாஃபிஸாவின் சேலைகள் இருக்கும் பெட்டி குறித்து

கீழக்கரை,
வடக்குத் தெரு.

பயணக் காப்பீட்டுக் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் அமர்ந்து, பெட்டி தொலைத்தவர்களின் புலம்பலையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மரியாதைக்குரிய பிரெசில்லா அவர்களுக்கு ஹமீது சுல்தான் எழுதுவது. தங்கள் மீதும் தங்கள் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இவ்விடம் நான் நலம். பெட்டியின் நலம்தான் தெரியவில்லை.

போனில் பேசியபோது நீங்கள் நம் கடற்கரைப் பக்கத்து அக்காள்மடத்துப் பெண் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ‘மேடம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மகளே என்றுதான் வருகிறது. கம்பெனி சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால் அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். எனக்கு டிக்கெட்டும் பாலிசியும் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ் ஹசன் அலி இதை ஸ்கேன் செய்து உங்களுக்கு அனுப்புவான். பாலிசி போடும்போது, "எல்லாம் கவராகும் காக்கா, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க" என்று சொன்னவனும் அவன்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு போனது உண்மை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் மனைவி ஹாஃபிஸா, மகள் அம்ரீனுக்குப் பேறுகாலம் பார்க்க ஷார்ஜா போனாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். நாற்பது கழிந்தது. பிள்ளை குப்புற விழட்டும் என்றாள், விழுந்தது. நடக்கட்டும் என்றாள், நடந்து, ஓடி, ஆளைப் பிடிக்க முடியாமல் ஆனது. இந்தா கிளம்புகிறாள் என்று நான் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த அன்று, அடுத்தது உண்டாகியிருக்கிறது என்று போன் வந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது, நியாயம்தான். ஆனால் மகளே, எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இங்கே வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி வந்தவன்தான் நானும். இன்றைக்கு வீட்டுக்காரி ஷார்ஜாவில், விருந்தாளி கீழக்கரையில். எந்தச் சட்டி எந்த அலமாரியில் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. "நீங்க இங்கன வந்து இருங்களேன்" என்று அவள் பலமுறை கூப்பிட்டாள். அவ்வளவு உயரத்து மாடியில், எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஒரு ஆள் இல்லாத இடத்தில், என்னால் முடியாது என்று நானும் பலமுறை சொல்லிவிட்டேன்.

கடைசியில் கையோடு கூட்டிவருவதென்று முடிவு செய்து நானே விமானம் ஏறினேன். போகும்போது என் பெட்டியில் என் சாமான் எதுவும் இல்லை. தெருவில் யார் வளைகுடா போனாலும் அவர் பெட்டி ஊர்ப் பெட்டிதானே. பக்கத்து வீட்டு சுலைகாவின் மகனுக்குக் கருவாடு, நவ்ஷாத் மச்சானுக்கு ஊறுகாய், இன்னும் யார் யாருக்கோ என்னென்னவோ. மாற்றுடுப்பைத் தோள்பையில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவரை ஹாஃபிஸா என்னைத் தாங்கினாள், ஆனால் டிக்கெட் பேச்சை எடுத்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அலமாரியைத் திறந்து, சேலைகளையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டாள். நான் ஓடிப்போய்ப் பெட்டியை இழுத்துவந்து கட்டிலோரம் வைத்தேன். "நீங்க முன்னாடி போங்க மச்சான், சாமானும் முன்னாடி போகட்டும். நான் பின்னாடியே வாரேன்" என்றாள். அன்றைக்கு அஸர் தொழுகையில் நான் துஆ கேட்கவே மறந்துவிட்டேன், கேட்க என்ன இருந்தது. தொழுதுவிட்டு வந்தபோது பெட்டி பூட்டி, கயிறு கட்டி, தயாராக நின்றது.

மதுரையில் இறங்கினேன். பெல்ட் சுற்றியது. எல்லோருடைய பெட்டியும் வந்தது. யாருமே எடுக்காத ஒரு குழந்தை வண்டி மட்டும் சுற்றிச்சுற்றி வந்தது, அதுவும் பிறகு ஒருவர் ஓடிவந்து எடுத்துக்கொண்டார். விமானக் கம்பெனிக்காரத் தம்பி பெட்டி வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், அதன் நகல் உங்களிடம் இருக்கிறது. வெறுங்கையோடு ஊர் வந்தேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் என் உடம்பை விசாரிப்பதில்லை, பெட்டியைத்தான் விசாரிக்கிறார்கள். சுலைகாவின் மகன் கொடுத்துவிட்ட அத்தர் அதில் இருக்கிறது, தெருமுனைக் காஜா நவாஸுக்கு வந்த தைலம் இருக்கிறது. சுலைகா தினமும் ஒரு தூக்குவாளியில் மீன் ஆணம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அத்தரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறாள். ஆணம் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். மற்றவர் பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்கிறீர்கள். அத்தரையும் தைலத்தையும் விட்டுத்தள்ளுங்கள், மனைவியின் சேலையும் மற்றவர் பொருள் என்றால் எந்தப் பொருள்தான் மகளே என்னுடையது? பாலிசியில் அவள் பெயர் இல்லை என்கிறீர்கள், நிக்காஹ் பதிவில் இருக்கிறது, நகல் அனுப்புகிறேன். பில் கேட்கிறீர்கள். அந்த நாவற்பழக் கலர் சேலை அம்ரீன் பிறந்தபோது எடுத்தது, கொடுத்த கடை இப்போது செல்போன் கடை. பழைய துணிக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று மதிப்பைக் கழிப்போம் என்கிறீர்கள். அவள் உடுத்தி உடுத்தி நூல் மெலிந்த சேலைதான் எனக்கு மதிப்புக் கூடியது, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? பெட்டி தாமதமானால் மாற்றுத்துணி வாங்கிக்கொள்ளும் வசதி வெளிநாட்டில்தான், ஊர் திரும்பும்போது கிடையாதாம். வீடு திரும்பியவனுக்கு வீட்டில் எல்லாம் இருக்கும் என்று அந்த விதியை எழுதியவர் நினைத்திருக்கிறார். அவர் என் வீட்டைப் பார்த்ததில்லை. அதற்குக் கீழே இன்னொன்று, கவனிக்க ஆளில்லாமல் விடப்பட்ட உடைமைக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று. அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு இழப்பீடே வேண்டாம். பெட்டியைத் தேடச் சொல்லுங்கள். தயவுசெய்து க்ளெய்மை முடித்துவிடாதீர்கள், முடித்தால் தேடுகிறவன் தேட மாட்டான். நேற்றுப் போனில் ஹாஃபிஸா சொல்லிவிட்டாள், "பெட்டி வரட்டும் மச்சான். அங்கன வந்து எதை உடுத்துறது? அது வந்ததும் டிக்கெட் போடச் சொல்றேன்" என்று. ஆகவே நீங்கள் தேடுவது பெட்டியை அல்ல, என் மனைவியை. சேலைகளின் நிறமும் கரையும் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணை மூடினால் ஒவ்வொன்றும் தெரிகிறது, சரிபார்க்க வேண்டியதில்லை.

உங்கள் கைராசியில் தொலைந்தவர்களுக்கெல்லாம் தொலைந்தது கிடைக்கட்டும். நீங்களும் பிள்ளைகுட்டிகளோடு நீடூழி வாழ ரப்பிடம் கேட்கிறேன். அக்காள்மடத்துப் பெற்றோருக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
ஹமீது சுல்தான்

பி.கு.: கடிதத்தை ஹசன் அலியிடம் கொடுக்கக் கிளம்பும்போது வாசலில் வண்டி வந்து நின்று பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்கள். கயிறு கூட அவிழவில்லை. திறந்தேன். அத்தர் இருக்கிறது, தைலம் இருக்கிறது. சேலை ஒன்றுகூட இல்லை. எனக்குப் புதுக் கைலிகள், முட்டிவலி மாத்திரை, பெயர் எழுதி ஒட்டிய மசாலா டப்பாக்கள், நடுவில் ஒரு சின்ன கரண்ட் குக்கர். ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வேகிற அளவு. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

போன் போட்டேன். ஹாஃபிஸா முதலில் மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொன்னாள். பிறகு, "எடை கூடிப்போச்சு, என்னோடதை வெளிய எடுத்தேன். திரும்ப வைக்க மனசு வரல மச்சான். சின்னது ரெண்டும் என் சேலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குது. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய அளவுக்கு நான் காத்திருந்தும் வரவில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் ரத்து செய்துவிடுங்கள். பாலிசியில் இல்லாதவளின் சேலைக்கு, பெட்டியில் இல்லாத சேலைக்கு உங்களோடு சண்டை போட்டதற்கு மன்னிக்கவும். விசாவை மருமகன் பார்த்துக்கொள்கிறார். வீட்டுச் சாவி சுலைகாவிடம் இருக்கும். எனக்குப் புதிதாக ஒரு பாலிசி வேண்டும். அதில் திரும்பி வரும் தேதி என்று ஓர் இடம் இருக்கிறதே மகளே, அதைக் காலியாக விட்டால் உங்கள் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளுமா?