செடார் மரத்துக்கு ஒரு ரோடு

ஏப்ரல் மூன்றாவது வாரம் ஆகியும் அமெரிக்காவின் மேல் மிச்சிகனில் பனி இடுப்பளவுக்குக் கிடந்தது. அதுவாவது போகட்டும், மேலே இன்னும் கொட்டிக்கொண்டும் இருந்தது. ரெய்னோ ஜன்னலில் நின்று வானத்தை முறைத்தார்.

"அடங்கவே மாட்டியா நீ? சனிக்கிழமை சீசன் திறக்குது!"

"வானத்தோட மல்லுக்கட்டினது போதும். வாசப்படியில இருக்கிற பனியைத் தள்ளுங்க. தபால்காரர் நேத்து வழுக்கி விழுந்துட்டார்" என்றாள் மனைவி ஐலி.

"இடுப்பு வலிடீ."

விஷயம் இதுதான். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை டிரவுட் மீன் சீசன் ஆரம்பம். அன்றைக்கு முதல் மீனைக் கொண்டுவந்து கூட்டுறவுக் கடையின் காபி மேடையில் போடுகிறவர் பெயரைக் கடைக்கார ஹெல்மி அம்மாள் சுவர்ப் பலகையில் எழுதுவாள். வருஷம் பூராவும் அந்தப் பெயர் நிற்கும். பதினோரு வருஷமாக நிற்பது ஒரே பெயர்தான்: வெய்க்கோ. ஐலியின் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு குடித்துக் குடித்தே ரெய்னோவுக்குக் காபி கசந்துபோயிருந்தது. இந்த வருஷமும் தோற்றால் தூண்டிலை உடைத்து அடுப்பில் வைப்பதாகச் சபதம் செய்திருந்தார்.

அவரிடம் ஒரு ரகசிய இடம் இருந்தது. ஓடை வளைகிற மூலையில், செடார் மரத்தடிப் பள்ளம். அந்த ஊரில் மீன் பிடிக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சாலையிலிருந்து கால் மைல் பனி. சனிக்கிழமை விடிந்து அதில் நீந்திப் போனால், அதற்குள் வெய்க்கோ மீனை மேடையில் போட்டுவிட்டு இரண்டாவது காபியே குடித்து முடித்திருப்பான்.

ஆகவே முன்கூட்டியே பாதை வெட்டினார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள். அப்போதெல்லாம் இடுப்பு வலிக்கவில்லை.

புதன் சாயங்காலம் சாலைக்கு வந்து திருப்தியாகத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. சாலையிலிருந்து செடார் மரத்துக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு வாய்க்கால்! குருடனும் கண்டுபிடித்துவிடுவான்.

பின்னால் வெய்க்கோவின் வண்டி வந்து நின்றது.

"என்ன மாப்பிள்ளே, யாருக்கு ரோடு போடறீங்க?"

"சும்மா, உடம்புக்கு நல்லதுன்னு..."

"எங்கே போகுது?"

"எங்கேயும் போகல மச்சான்."

"எங்கேயும் போகாத ரோடு இவ்வளவு நேரா போய் நான் பார்த்ததே இல்லை!"

வியாழக்கிழமை ரெய்னோ ஊரை ஏமாற்ற இடப்பக்கம் ஒரு பொய்ப் பாதை வெட்டினார். அது போதாதென்று வலப்பக்கம் இன்னொன்று. மத்தியானத்துக்குள் ஊருக்கே சேதி பரவிவிட்டது, ரெய்னோவிடம் மூன்று ரகசிய இடங்கள் இருக்கிறதாம். சாலையோரம் எட்டு வண்டிகள் நின்றன. ஒருத்தர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றியே சொல்லிவிட்டார்.

பதறிப்போய், நிஜப் பாதையை மட்டும் மண்வெட்டியால் பனியை வாரிப் போட்டு மூடினார்.

"மூணுல ரெண்டைத் திறந்துவெச்சு ஒண்ணை மட்டும் மூடியிருக்கார்னா" என்றான் வெய்க்கோ சாலையில் நின்றபடி, எட்டு வண்டிக்காரருக்கும் கேட்கிற மாதிரி, "மீன் எதுல இருக்குன்னு நான் சொல்லணுமா?"

ரெய்னோ ஆத்திரத்தில் வெடுக்கென்று திரும்பினார். 'கடக்' என்றது இடுப்பு. இந்தத் தடவை நிஜமாகவே.

வெள்ளிக்கிழமை பூராவும் குப்புறப் படுத்துக் கிடந்தார். வெளியே பனி கொட்டு கொட்டென்று கொட்டி மூன்று பாதையையும் தடம் தெரியாமல் மூடியது. இத்தனை நாள் வானத்தைத் திட்டிய வாயால் அதை "என் தங்கமே" என்றார். ஆனால் என்ன பிரயோஜனம்? எழுந்து நிற்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நான் வர்றேன்" என்றாள் ஐலி. "சறுக்கு வண்டியில உட்காருங்க, இழுத்துட்டுப் போறேன்."

"நீயா? பேசிப் பேசியே மீனை விரட்டிடுவே. முப்பது வருஷமா அதுக்காகத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போகல? அதோட, சீசன் திறக்கிற அன்னிக்கு நீ அண்ணன் வீட்டுக்கு ரொட்டி சுடப் போவியே?"

"ஒரு வருஷம் போகலேன்னா அண்ணன் பட்டினியா கிடப்பான்? போர்வையை எடுத்துக்குங்க."

சனிக்கிழமை விடியும்போது எட்டு வண்டிக்காரர்களும் புதுப்பனியில் எல்லா மரமும் ஒரே மாதிரி நிற்க, பாதை தெரியாமல் திக்குத்திசை தெரியாத கோழிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஐலி பனிக்காலணி மாட்டிச் சாலையோரமாகவே வண்டியை இழுத்தாள். "அந்தப் புதருக்கு அப்புறம் இடது..." என்று ரெய்னோ வாயெடுப்பதற்குள் திரும்பிவிட்டாள். பரவாயில்லை, சொன்னதை டக்கென்று பிடித்துக்கொள்கிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

தூண்டிலை நடு ஓடையில் போட்டார். ஒன்றும் சிக்கவில்லை.

"அந்த வேருக்கடியில போடுங்க" என்றாள்.

"உனக்கென்னடீ தெரியும்?"

அவள் வாயை மூடவைப்பதற்காகவே அங்கே போட்டார். அடுத்த நொடி தூண்டில் வில்லாக வளைந்தது! முழங்கை நீளம், வயிற்றில் செம்மஞ்சள், துள்ளலென்றால் அப்படியொரு துள்ளல். "ஐயோ, ஐயோ, ஐலி, பிடிடீ!" என்று அவர் அலற, அவள் ஒரே கையால் வலையில் அள்ளிவிட்டாள்.

கடைக்குள் நுழைந்தது ஊர்வலம்தான். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து மீனை உயரத் தூக்கிப் பிடித்தபடி ரெய்னோ, இழுத்துக்கொண்டு ஐலி. ஜனங்கள் மேஜையைத் தட்டினார்கள். ஹெல்மி அம்மாள் ஈரத்துணியால் வெய்க்கோவின் பெயரைத் துடைத்துவிட்டு 'ரெய்னோ' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

மூலையில் வெய்க்கோ வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் காபி ஆறிக்கிடந்தது.

"என்ன மச்சான்! பதினோரு வருஷ ராஜாவுக்கு இன்னிக்கு ஒரு பொடி மீனுகூடச் சிக்கலியா?"

வெய்க்கோ அவரைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் முறைத்தான். அவள் ஏலக்காய் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

ஹெல்மி அம்மாள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அவனை ஏங்க நோகடிக்கிறீங்க? பதினோரு வருஷமா அவனுக்கு மீன் பிடிச்சுக் கொடுத்த ஐலியை இந்த வருஷம் நீங்க கூட்டிட்டுப் போயிட்டா, பாவம், அவன் என்னதான் பண்ணுவான்?"